இருபத்தைந்தாவது கோடு

விருத்தாசலம்
18.1.2025

கனகாவுக்கு, பழமலைநாதன் எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணி வாசுகியும் சுகம். என் இரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்குகிறது, எனக்குத்தான் அடங்கவில்லை என்கிறார் டாக்டர். செகந்திராபாத்தில் நீ சுகமா? சர்க்கரை எவ்வளவில் நிற்கிறது? உன் வூட்டுக்காரர் சுகத்தை நான் விசாரிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும்.

வழக்கமாகப் பொங்கலுக்கு ஒரு கார்டு போடுவேன். இந்தத் தடவை கவரில் எழுதுகிறேன், விஷயம் பெரியது. “நாப்பது வருசமா தபால்காரருக்கு வேலை குடுக்குறீங்களே, ஒரு போனப் போட்டா என்ன?” என்று அண்ணி கேட்டாள். உன் கல்யாணத்தன்று இனி உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. சொன்னதைச் சொன்னபடி வைத்திருக்கிறேன்.

ஆங்கிலப் பேப்பரில் ஓர் அறிவிப்பு பார்த்தேன். நாட்டில் அந்த வருஷம் நடந்த எல்லா விளையாட்டுகளிலும் தலைசிறந்ததாக ஒரே ஒரு சாதனையைப் பொறுக்கி டெல்லி விளையாட்டுப் பேரவை ஒரு விருது கொடுக்கிறதே, அதற்கு இது ஐம்பதாவது வருஷமாம். ஐம்பது பேருடைய விவரத்தையும் புத்தகமாகப் போடப் போகிறார்கள். பழைய பதிவில் பிழை இருந்தால் ஆதாரத்தோடு ஜூன் 30க்குள் எழுதலாம். விசாரித்து, விருதையே மாற்றி எழுதவும் தயார் என்கிறார்கள்.

1985-ஆம் வருஷப் பதிவில் பிழை இருக்கிறது. அந்த விருது உன் வூட்டுக்காரன் அர்ச்சுனனுடையது இல்லை, என்னுடையது. திருச்சி தேசியப் போட்டியில் பத்தாயிரம் மீட்டர் என்பது இருபத்தைந்து சுற்று. அவன் ஓடியது இருபத்து நான்கு.

சுற்று எண்ணும் மேசையில் பதினொரு பேர் இருந்தீர்கள். உடற்கல்விக் கல்லூரியிலிருந்து தொண்டுக்கு வந்தவர்களில் நீயும் ஒருத்தி. ஓடுகிறவன் உங்களைத் தாண்டும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கடிகார நேரத்தை எழுத வேண்டும். சொந்தக்காரருக்கு எண்ணக் கூடாது என்பது விதி, அதனால் என் தாள் உன்னிடம் இல்லை. அவன் மார்பு எண் 41. அந்த எண்ணுக்குக் கோடு போட்டவர் யார்? பெயர் போதும், ஆளை நான் தேடிக்கொள்வேன்.

வேறு விசேஷம் இல்லை. பதிலைத் தாமதிக்காதே.

பழமலைநாதன்


செகந்திராபாத்
9.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு கனகா வணங்கி எழுதுவது.

நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க வேண்டும். எனக்குச் சர்க்கரை நூற்றெண்பதில் நிற்கிறது. அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மாடிப்படியில் பக்கவாட்டில்தான் இறங்குகிறார். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸை விட்டு வந்து ஐந்து வருஷம் ஆகியும் இந்த வாடகை வீடு பழகவில்லை. ஆகஸ்டில் ஸ்ரீமுஷ்ணத்தில் அவருடைய பங்கு வீட்டுக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறோம்.

அண்ணா, ஒன்று கேட்டால் கோபப்படக் கூடாது. உங்கள் பட்டறையில் செய்கிற லெட்ரின் பேசினுக்கு இன்னும் அந்தப் பெயர்தானா? போன தையில் சேத்தியாத்தோப்பு மண்டபத்துக்குக் கல்யாணத்துக்கு வந்திருந்தோம். பந்தி போட்டாச்சு, இவரைக் காணோம். வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறார். “சாப்புட வாங்க”ன்னேன். “எம்பேரு மேலயே ரெண்டு காலயும் வச்சி ஒக்காந்துட்டு வரேன். இனிமே சோறு எறங்குமா?”ன்னார். அன்றைக்குச் சாப்பிடாமலே பஸ் ஏறினோம். திட்டக்குடி பஸ் ஸ்டாண்டிலும் அதே பேசின்தானாம், போய் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

நாற்பது வருஷம் ஆகிவிட்டது, அண்ணா.

அண்ணியின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

தங்கை கனகா


விருத்தாசலம்
16.2.2025

கனகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம். அண்ணி உப்பைக் குறைக்க மாட்டாள். நான் சொன்னால் அதிகம் போடுவாள்.

பேசின் விஷயம். கால் வைக்கும் மேட்டில் எழுத்தைப் புடைப்பாக அச்சடித்தால் கால் வழுக்காது. தொழில்முறைப்படி ‘அர்ச்சுனா’ என்கிற ஐந்து எழுத்துக்கும் அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. முப்பத்தொரு வருஷமாக அடிக்கிறேன், அச்சு தேயத் தேயப் புதுசு வெட்டுகிறேன்.

நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். பதினெட்டாவது சுற்றோடு என்னைத் தொடர்ந்து வந்த வடக்கத்தி ஓட்டக்காரர்கள் இரண்டு பேரும் விழுந்துவிட்டார்கள். அதன்பின் எனக்கு முன்னால் யாரும் இல்லை. பிந்தி ஓடுகிறவர்களை ஒவ்வொருவராகச் சுற்றில் தாண்டிக்கொண்டு வந்தேன். கடைசியாக எனக்கு முன்னால் அர்ச்சுனனுடைய முதுகு தெரிந்தது. இவனையும் ஒரு சுற்றில் தாண்டிவிட்டால் முடிந்தது என்று விரட்டினேன். ஒரே பாதையில் பழகிய பையன், கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அப்போது கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தார்கள். எனக்கு இல்லை, அவனுக்கு.

முப்பது மீட்டர் முன்னால் ஓடியவன் முன்னால் இல்லை, கணக்குப்படி கிட்டத்தட்ட ஒரு சுற்று பின்னால் இருந்தான். அங்கே ஐயாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரிந்தது.

அவனுக்கு இருபத்தொன்பது நிமிடம் நான்கு விநாடி. எனக்கு இருபத்தொன்பது பத்து. அவன் நேரம் இருபத்து நான்கு சுற்றுக்கு, என் நேரம் இருபத்தைந்து சுற்றுக்கு. தலைமை நடுவர் வடக்கத்திக்காரர். ஆட்சேபம் இருந்தால் அரை மணிக்குள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடு என்றார். எட்டாவதோடு சூளையில் பாரம் ஏற்றப் போனவனுக்கு ஏது ஆங்கிலம்? உன்னிடம் ஓடி வந்தேன். “நாலு வரி எழுதிக் குடு கனகா”ன்னேன். “இங்கிலீசுல தப்பு வந்துரும்ணா, பயமா இருக்குது”ன்னு சொன்னே. சின்னப் பெண், பயந்துவிட்டாய் என்று விட்டேன். அரை மணி போய்விட்டது.

அந்த அரை மணிக்காகத்தான் நான் ஆங்கிலம் படித்தேன். பேப்பரையும் அகராதியையும் வைத்துக்கொண்டு மூன்று வருஷம் படித்து, 1988-இல் பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுதிப் பேரவைக்கு அனுப்பினேன். கால அவகாசம் அரை மணி என்று பதில் வந்தது. அதையும் வைத்திருக்கிறேன். அதற்குள் அவன் விருதைக் காட்டி ரயில்வே வேலையில் சேர்ந்திருந்தான், உன்னையும் கட்டியிருந்தான்.

41-ஐ எண்ணியவர் யார்?

பழமலைநாதன்


செகந்திராபாத்
22.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் காலில் ஊசி போட்டார்கள், ஆஸ்பத்திரியும் வீடுமாக ஒரு மாதம் ஓடிவிட்டது.

எனக்குச் சரியாக நினைவில்லை. தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் மேசைக் கோடியில் இருந்தார். அவராக இருக்கலாம்.

இதை மற்றவர் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்வது மரியாதை. நம்மூர் விளையாட்டு ஆர்வலர் குழுச் செயலாளர் பிரவீன்குமார் என்று ஒருவர் அவருக்குப் போன் பண்ணினார். தேசிய விருது வாங்கியவர் நம் வட்டாரத்திலேயே இவர் ஒருவர்தான் என்று, நீங்கள் இரண்டு பேரும் பழகிய அந்தத் திடலில் புது ஓடுபாதை போட்டு இவர் பெயரை வைக்கிறார்களாம். ஆகஸ்ட் 29 திறப்பு. “வேணாம்ப்பா, வேற பேரு வையிங்க”ன்னு இவர் இரண்டு தடவை சொன்னார். அவர்கள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், அண்ணா. மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

கனகா


விருத்தாசலம்
30.3.2025

கனகாவுக்கு,

மாத்திரை போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

செயலாளரைப் பார்த்தேன். முப்பது வயசு இருக்கும், நல்ல பையன்தான். “அந்த மண்ணுல மொதல்ல ஓடுனவன் நானு. அவன் எம் பின்னால வந்தவன். பேரு வக்கிறதுக்கு முன்ன ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?” என்றேன். “பெரியவரே, கோச்சுக்காதீங்க. டெல்லி லிஸ்டுல அவரு பேருதான இருக்குது?” என்றான். “லிஸ்டு தப்புப்பா.” “ஆதாரம் இருக்குங்களா?” “நான் ஓடுனேன், என் காலு ஆதாரம்.” பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். “நீங்க பேசின்காரருதானே? பேசின்ல அவரு பேர நீங்களே போட்டுட்டீங்க, பாதையில நாங்க போடுறோம், வுடுங்க” என்று ஒருவன் சொன்னான். அந்தச் சிரிப்பு அடங்குகிறவரை நின்றிருந்துவிட்டுத்தான் வந்தேன்.

தலைப்பாகைக்காரரைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். டெல்லிக்கு எழுதிவிட்டேன். விருது கொடுத்த ஒவ்வொரு சாதனைக்கும் தனிக் கோப்பு வைத்திருப்பார்களாம். இந்தத் தடவை ஆங்கிலத்துக்கு யாரிடமும் போய் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 29 வரை நான் சாக மாட்டேன். இதை அவனிடம் படித்துக் காட்டு.

பழமலைநாதன்


விருத்தாசலம்
11.5.2025

கனகாவுக்கு,

சுகம். வெயில் கடுமை, சூளைக்குப் பக்கத்தில் போக முடியவில்லை.

டெல்லியிலிருந்து பதில் வந்தது. சுற்றுத் தாள்கள் எதுவும் இல்லை, பழைய காகிதங்களைக் கழித்துவிட்டார்களாம். கோப்பில் இருந்த ஒரே ஒரு பக்கத்தை நகல் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். போட்டிக்கு முன்னால் தட்டச்சு செய்த பணிப் பட்டியல். சுற்று எண்ணுகிறவர் பதினொரு பேர், அவரவருக்கு நேரே அவர்கள் எண்ண வேண்டிய மார்பு எண்கள்.

படித்தேன்.

பட்டியலில் சர்தார்ஜி பெயர் ஒன்றுதான். அந்தத் தலைப்பாகைப் பெரியவருக்கு 17, 22, 30.

உனக்கு இப்போது ஏதாவது நினைவுக்கு வருகிறதா?

அண்ணியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்.

பழமலைநாதன்


செகந்திராபாத்
4.6.2025

அண்ணா,

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், வேறு யாரும் பிரிக்காமல் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

இது அன்றைக்கு 41-க்கு நான் கையால் எழுதிய முதல் தாள். நடுவருக்குக் கொடுத்தது இதைப் பார்த்து எழுதிய நகல். இதை விருதுக் கேடயத்துக்குப் பின்னால், வெல்வெட்டு ஒட்டிய அட்டைக்குள் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த வெள்ளிக் கேடயத்தை விபூதி போட்டுத் துலக்குவது நான்தான். அவர் தொட மாட்டார். அதனால் அட்டை பிரிந்ததே இல்லை.

எண்ணிப் பாருங்கள். கோடு இருபத்தைந்து இருக்கும், நேரம் இருபத்து நான்குதான் இருக்கும். பத்தொன்பதாவது கோட்டுக்குப் பக்கத்தில் நேரம் இல்லை. அவர் தாண்டும்போது கோடு போட்டேன். திரும்பி என்னைப் பார்த்தார். கை மறுபடியும் ஒரு கோடு போட்டுவிட்டது. அது கை தவறித்தான் விழுந்தது. கோடுகளை மட்டும் பார்த்து மணி அடித்துவிட்டார்கள்.

மீதியையும் எழுதிவிடுகிறேன். ஓட்டம் முடிந்ததும் எல்லாத் தாள்களையும் நகல் எழுதித் தரச் சொன்னார் நடுவர். அப்போதுதான் நான் கவனித்தேன். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். நீங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்று நாலு வரி எழுதிக் கொடு என்றபோது என் கையில் பேனா இருந்தது. இருபத்து நான்கு நேரங்களை இருபத்தைந்தாகப் பங்கு போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கோடு கை தவறி விழலாம். இருபத்தைந்து நேரம் கை தவறி விழாது.

“இந்தத் தடவ ஜெயிச்சா வேல கெடைக்கும், வேல கெடச்சா ஒங்க வூட்டுக்குப் பொண்ணு கேட்டு வருவேன்”னு அவர் முந்தின நாள் சொல்லியிருந்தார்.

ஒரு சுற்றுக் குறைவு என்பது அவருக்குத் தெரியும். ஓடுகிறவருக்குத் தெரியாமலிருக்குமா? ஆனால் அது எனக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

ஜூன் 30க்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் இஷ்டம் போலச் செய்யுங்கள்.

கனகா


செகந்திராபாத்
13.7.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமா? பதிவுத் தபாலில் நீங்கள் கையெழுத்துப் போட்ட அட்டை ஜூன் 10-ஆம் தேதியே திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு உங்களிடமிருந்து எதுவும் இல்லை.

முப்பதாம் தேதி போய்விட்டது. தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நான் வாசலுக்குப் போகிறேன். “யாருகிட்டருந்து லெட்டர எதிர்பாக்குற? பேரவையே உனக்கும் விருது தரப் போவுதா?”ன்னு அவர் கேலி பண்ணுகிறார். நான் கேஸ் புக் பண்ணின சீட்டு என்கிறேன்.

அனுப்பினீர்களா, இல்லையா? ஒரு வரி போதும். திட்டுவதாக இருந்தாலும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

கனகா


விருத்தாசலம்
3.8.2025

கனகாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

தாளைப் பேரவைக்கு அனுப்பவில்லை. புத்தகத்தில் திருத்தினால் டெல்லியில் நாலு பேர் படித்துவிட்டு அலமாரியில் வைப்பார்கள். கீழே எண்ணியவர் பெயரையும் போடுவார்கள். அப்பா வைத்த பெயர் அது, அந்த இடத்தில் வருவதற்காக வைத்த பெயர் இல்லை. இதை உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

ஓடுபாதைக்குப் பெயர்ப்பலகை பீங்கானில் வேண்டும் என்று தொழிற்பேட்டையில் விசாரித்துக்கொண்டு வந்தான் பிரவீன்குமார். நான் செய்து தருகிறேன் என்றேன். பையனுக்கு வாய் மூடவில்லை. “நெசமாவாங்க பெரியவரே? பேரு அர்ச்சுனன்னு தெரியும்ல?” “அந்தப் பேர எழுத்துக்கூட்டி எழுதி எனக்கு நல்லாப் பழக்கம் தம்பி” என்றேன். அண்ணி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஒரே பலகையாகச் சுட்டால் வளையும். அதனால் ஆறு வில்லைகளாகப் பிரித்து அவனுடைய பெயர், விருதின் பெயர், வருஷம் எல்லாம் நானே என் கையால் எழுதினேன். ஓர் எழுத்துக் குறை இல்லை. நீலம், சுடுவதற்கு முன்னால் சாம்பல் மாதிரிதான் தெரியும். மேலே மெருகு ஊற்றி வெந்து வந்தால்தான் நிறம் விளங்கும். வெந்து வந்தது. நன்றாக வந்திருக்கிறது.

கீழ் ஓரத்தில் ஒரு கரை போட்டிருக்கிறேன்.

திறப்புக்கு வருகிறீர்கள் அல்லவா? நான் வர மாட்டேன். பயணத்தில் மோர் கொண்டு வா, கூல்டிரிங்க் குடிக்காதே.

பழமலைநாதன்


ஸ்ரீமுஷ்ணம்
7.9.2025

அண்ணாவுக்கு,

வீடு மாறி வந்துவிட்டோம். சாமான்கள் இன்னும் பெட்டியிலேயே கிடக்கின்றன. பிரிக்க மனசில்லை.

திறப்பன்று மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, அவரைப் பலகைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். திரையை விலக்கினதும் எல்லோரும் கை தட்டினார்கள். எழுத்து அழகா இருக்குது, அச்சடிச்ச மாதிரி இருக்குது என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். இவர் பெயரைப் பார்க்கவில்லை. குனிந்து கீழ்க் கரையைப் பார்த்தார். நெடுக நீலக் கோடுகள். விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நகர்ந்தார். அந்தக் காலோடு பக்கவாட்டில், அடி அடியாக நகர்ந்தார். கடைசி வில்லையில் ஒரு கோட்டுக்கு இடம் விட்டு வெறுமையாக இருந்தது. அங்கே விரல் நின்றுவிட்டது.

செயலாளர் சிரித்துக்கொண்டே, “நானும் கேட்டேங்க, கடசில ஒன்னு வுட்டுப்போச்சேன்னு. எடம் இருக்கட்டும்னு சொல்லிட்டாரு பெரியவரு” என்றார்.

இவர் பேச எழுந்தார். “எல்லாருக்கும் நன்றி” என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டார். “அந்தக் கணக்கு ஒங்கண்ணனுக்கு யாரு குடுத்தா?” நான் குனிந்து அவர் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன். “அப்ப ஒனக்கு மொதல்லருந்தே தெரியும்” என்றார். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

பத்து நாளாக எங்களுக்குள் பேச்சில்லை. சாப்பாட்டுத் தட்டை நானே வைக்கிறேன், அவரே எடுத்துக் கழுவி வைக்கிறார். கேடயத்தை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார்.

நீங்கள் நினைத்தது நடந்துவிட்டது, அண்ணா. எனக்கும் சேர்த்துத்தான் அந்தப் பலகையைச் சுட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். செய்ததற்கு அது தகும். ஆனால் வாரம் ஒரு காலையாவது பஸ்ஸில் போய் அந்தத் திடலில் நடக்கலாம் என்ற ஆசையில்தான் அவர் இங்கே வந்தார். இப்போது விருத்தாசலம் பக்கமே போக மாட்டேன் என்கிறார்.

ஒரே ஒரு கோடு. பிரஷ்ஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

கனகா


விருத்தாசலம்
14.9.2025

கனகாவுக்கு,

கடிதம் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

பிரஷ்ஷால் இழுத்த கோடு ஒரு மழைக்கு நிற்காது. வெந்து வந்த பீங்கான்மேல் வண்ணம் ஒட்டாது. ஒட்ட வேண்டுமென்றால் மறுபடி சூளையில் வைக்க வேண்டும். இருபத்து நான்கும் சுட்டவை. இருபத்தைந்தாவதும் சுட்டதாகத்தான் இருக்க வேண்டும். ஓடாத சுற்றுக்கு நீ ஒருமுறை கோடு போட்டாய். என் கையால் அது நடக்காது.

ஐந்து வில்லைகளைச் சிமெண்டில் பதித்திருக்கிறேன். கடைசி வில்லை மட்டும் இரண்டு திருகாணியில் நிற்கிறது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதைக் கழற்றலாம்.

என் கணக்கு இது. அவன் இன்னும் ஒரு சுற்று பாக்கி வைத்திருக்கிறான். நானூறு மீட்டர். அதே திடல், அவன் பெயர் வைத்த பாதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வரட்டும். யாருக்கும் சொல்ல வேண்டாம். நீ கோட்டருகில் தாளும் பேனாவும் கடிகாரமும் வைத்துக்கொண்டு உட்கார். நான் உனக்குப் பின்னால் நிற்பேன். உன்னோடு பேச மாட்டேன், அவனோடும் பேச மாட்டேன். அவன் கோட்டைத் தாண்டினதும் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுது. நேரத்தை எழுத மறக்காதே. அன்றைக்கே வில்லையைக் கழற்றிச் சூளையில் வைக்கிறேன். இரண்டு நாளில் இருபத்தைந்து ஆகிவிடும். அதன்பிறகு பேசினில் அந்தப் பெயரை அடிப்பதையும் நிறுத்துவேன்.

அண்ணிக்கு இப்போது எல்லாம் தெரியும், உன் கடிதத்தைப் படித்துவிட்டாள். “அறுவத்தஞ்சு வயசு மனுசன், முட்டி தேஞ்சி படியில கோணிக்கினு எறங்குறாராம். அவரப் போயி ஓடச் சொல்றீங்களே, நீங்க என்ன ஜென்மம்?” என்றாள். அன்றைக்கு எனக்கு அரை மணிதான் கொடுத்தார்கள் கனகா. அவனுக்கு நான் நேரம் வைக்கவில்லை. பத்து நிமிஷம் ஆனாலும் நிற்பேன். இந்த வருஷம் முடியாவிட்டால் அடுத்த வருஷம் வரட்டும். திருகாணி துருப்பிடிக்காத எஃகு.

முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடு காட்டித் தேய்த்துவிடு. இரவில் தலையணை வைத்துக் காலை உயர்த்திப் படுக்கச் சொல். அவன் சுகத்தை நான் விசாரித்ததாக அவனிடம் சொல்ல வேண்டாம்.

நடந்தால் செல்லாது. ஓட வேண்டும்.

பழமலைநாதன்